‘என்னாச்சு?’ என்று கேட்டால் சொல்லப் பதில் இல்லாதபோது

ஆடி முடிந்து சில நாள் ஆகியிருக்கும். எங்கள் ஜூஸ் பேக்டரியில் அந்த வருஷத்து சீசன் நல்லபடியாகவே முடிந்திருந்தது. (மாங்கூழ் ஆலை என்று பேப்பரில்தான் எழுதுவார்கள். கிருஷ்ணகிரியில் ஜூஸ் பேக்டரி என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.) தோத்தாபுரி மாங்காய் லாரிகள் ரோட்டோரம் வரிசை கட்டி நின்ற இரண்டு மாதமும் எடை பார்த்து, சீட்டு எழுதி, மண்டிக்காரர்களிடம் கத்தி, ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து விழுந்தவன், கணக்கையெல்லாம் முடித்து, பையனுக்கு ஸ்கூல் பீஸும் கட்டிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் களித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சூடாக இருக்கும்போது பளபளவென்று இருக்கிற களி உருண்டை ஆற ஆற மங்கிப்போய் மேலே தோல் மாதிரி ஒன்று கட்டும். அது கட்டி முடிகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கீரைக் கடைசல் தட்டோரத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

“என்னாச்சு சாமி?” என்றார் அம்மா.

“ஒண்ணுமில்லம்மா.”

பொய் சொல்லவில்லை. நிஜமாகவே ஒன்றுமில்லை. கடன் தொல்லை இல்லை, வீட்டில் யாரும் சாகவில்லை, காய்ச்சல் தலைவலி என்று உடம்புக்கும் எதுவும் கிடையாது. ஆனால் பத்துப் பதினைந்து நாளாக நெஞ்சுக்குள் யாரோ ஈரச் சாக்கை மடித்து வைத்த மாதிரி ஒரு பாரம். காலையில் எழும்போது அதிகமாக இருக்கும், சாயங்காலம் கொஞ்சம் லேசாகும், மறுநாள் விடிகாலை நாலு மணிக்கே விழிப்புத் தட்டும், மறுபடி அதே சாக்கு.

அம்மா விடவில்லை. “வேலையில எதுனா பிரச்சனையா? யாருக்காச்சும் ஜாமீன் கையெழுத்து போட்டுட்டியா? அவகூட சண்டையா?” மூன்றாவது கேள்விக்கு அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. நான் “இல்ல” என்று சொல்லக் கொஞ்சம் தாமதித்துவிட்டேன், அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் அம்மாவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது, என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது, ராத்திரி படுத்தபோது எனக்கே அது நிஜமாக இருக்குமோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் சொன்ன ஏதோ ஒரு வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டு விடிய விடியப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

நான் எழுத வந்தது அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான். காரணம் தெரியாத சோகம் வந்தால் நாம் முதலில் அதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம். கண்டுபிடிப்பதுகூட இல்லை, கைக்கு எட்டியதை எடுத்து ஒட்டுகிறோம். சோகத்தால் வருகிற சேதத்தைவிட, அப்படி ஒட்டிய காரணத்தால் வருகிற சேதம்தான் பல வீடுகளில் பெரிது என்பது என் கட்சி.

நாம் புழங்குகிற சொற்களே இதற்குத் தோதாக இல்லை. கவலை என்றால் உடனே ‘என்ன கவலை?’ என்பார்கள். துக்கம் என்றால் போய் விசாரிக்க ஒரு வீடு வேண்டும். வருத்தம் என்றால் யார்மேல் என்று வந்து நிற்கும். காரணமே இல்லாததற்கு ஜனங்கள் வைத்திருப்பது ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்கிற ஒன்றுதான். எது மாதிரி என்று சொல்லாத மாதிரி. மனச்சோர்வு என்பது ஆஸ்பத்திரி போர்டில் இருக்கிற சொல், பஸ் ஸ்டாண்டில் யார் வாயிலும் வராது. ‘ஒரு மாதிரி’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அது முழு வாக்கியம், மேலே எதையும் கேட்டு அதை நிரப்ப வேண்டியதில்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நடுகற்களுக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கரையில், புளியமரத்தடியில், சில இடங்களில் பாதி புதைந்துபோய்க்கூட நிற்கும். மாடு மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன் என்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு விஷயம் உண்டு. தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான் இறந்தபோது ஔவை பாடியது புறநானூற்றில் இருக்கிறது, அதிலும் நடுகல்லுக்கு மயில் பீலி சூட்டிக் கள் படைப்பது வருகிறது. துக்கத்துக்குக் கல் நட்டு, அதைச் சுற்றி உட்கார்ந்து அழத் தெரிந்த சீமை இது. கல் நட இடமில்லாத துக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

தடுமாறினால் குறி கேட்கப் போவோம். என் பெரியம்மா விஷயம் அப்படித்தான் ஆனது. காவேரிப்பட்டணம் பக்கம் வீடு. ஐம்பது வயசு இருக்கும் அப்போது. போச்சம்பள்ளி சந்தைக்குப் போய் ஒரு ஆட்டுக்கு அரை மணி நேரம் விலை பேசுகிற ஆள், சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார். திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கூப்பிட்டால் திரும்புவதற்கே நேரமாகும். எதற்கென்று தெரியாமல் கண்ணில் தண்ணி வரும். மூத்தவனுக்குக் கல்யாணம் ஆகி அப்போது ஆறு மாதம். குறி சொன்னவர் ரொம்ப யோசிக்கவில்லை: “வீட்டுக்குப் புதுசா வந்த காலு சரியில்ல.” பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த பெண், இருபத்திரண்டு வயசு, நாலு மாதம் தாய் வீட்டில் போய் உட்கார வேண்டியதாயிற்று. அப்புறம் முட்டி வலி என்று வேறொரு டாக்டரிடம் போனபோது அவர் பெரியம்மாவின் உப்பிய முகத்தையும் கரகரத்த குரலையும் கவனித்து, முட்டியை விட்டுவிட்டு, தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். டி.எஸ்.எச். என்கிற அந்தத் தைராய்டு அளவு சாதாரணமாக நாலு, ஐந்துக்குள் இருக்க வேண்டியது எங்கேயோ போய் நின்றது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. மூன்று நாலு மாதத்தில் பெரியம்மா சந்தையில் பழையபடி ஆட்டுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் திரும்பி வந்தாள். அவளிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்றால், கேட்டதாக நான் பார்க்கவில்லை.

கழுத்தில் இருக்கிற அந்தச் சுரப்பி மந்தமானால் உடம்பில் எல்லாமே மந்தமாகும். குளிர் தாங்காது, மலச்சிக்கல் வரும், முடி கொட்டும், எடை கூடும், கூடவே மனசும் மந்தமாகும். அந்த மந்தத்துக்கும் மருமகளுக்கும் என்ன சம்பந்தம்?

தைராய்டு மட்டும் இல்லை. ரத்தசோகை நம் பெண்களிடம் எவ்வளவு சாதாரணம் என்றால், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரைக்கும் உள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகைக்காரர்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராம் இருக்க வேண்டும், எட்டு ஒன்பது வைத்துக்கொண்டு களை வெட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். மூச்சு வாங்கும், படி ஏற முடியாது, ‘எதுலயும் மனசு போகல’ என்பார்கள். ‘மனசு போகல’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்திருப்பதைப் பார்க்காமல் விட்டுவிடுவோம். பி12 குறைந்தாலும் சோர்வு, மறதி, கைகால் மரமரப்பு வரும். சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை வருஷக்கணக்காகப் போடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்புண்டு என்பது பலருக்குத் தெரியாது. மாதவிலக்கு நிற்கப்போகிற வயசில் வருகிற தடுமாற்றம் ஒன்று இருக்கிறது. பிள்ளை பெற்ற முதல் வாரத்தில் வருகிற அழுகை ஒன்று இருக்கிறது, அது பத்துப் பதினைந்து நாளில் தானாகத் தெளிந்துவிட வேண்டும், அதற்கு மேலும் நீடித்தால் ‘பச்ச உடம்புக்காரி, காத்து பட்டிருக்கும்’ என்று வேப்பிலை அடித்துக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான்.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் போகிற பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் வெயில் குறைவதால் வருகிற குளிர்காலச் சோகம் என்று ஒன்று வரும். நம் ஊரில் வருஷத்தின் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், அந்தக் கதை இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. ஆனால் ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட், மறுவாரம் காலை ஷிப்ட் என்று மாறி மாறி, திரை போட்ட ஹாஸ்டல் அறையில் பகலெல்லாம் தூங்குகிறவர்களுக்குச் சூரியன் எங்கே இருந்தால் என்ன? உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் குழம்பினால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மனசு கெடும். ஷிப்ட் வேலைக்காரர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ‘நல்ல சம்பளம், ஏசி ஹால், இதுல என்ன சோகம்?’ என்று கேட்கிற அப்பாவுக்கு இது விளங்காது.

குடி. இதை நீட்டப் போவதில்லை. மனசு சரியில்லை என்று டாஸ்மாக் போனால் படுத்ததும் தூக்கம் வரும், ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும், மறுநாள் மனசு இன்னும் கீழே போகும். சாராயம் மூளையை மந்தப்படுத்துகிற சரக்கு. அவ்வளவுதான் விஷயம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் முதலில் போனது டவுனில் ஒரு கிளினிக். மனசைப் பற்றி வாயே திறக்கவில்லை, “உடம்பு அசதியா இருக்கு சார்” என்றேன். அவர் வீக்னஸ் என்று எழுதி, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, சத்து ஊசி ஒன்று போட்டு அனுப்பினார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? நம் பக்கத்தில் மனசுக்கு வருகிறது பெரும்பாலும் உடம்பு வேஷத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். உடம்பெல்லாம் வலி, தலை பாரம், நெஞ்சு அடைக்கிற மாதிரி, கைகால் ஓய்ச்சல் என்றுதான் சொல்வோம். அதுவும் பொய்யில்லை, அந்த வலி நிஜ வலிதான்.

மனநல டாக்டர்கள் பார்க்கிற கணக்கு வேறு. காரணம் என்ன என்பது அவர்களுக்கு முதல் கேள்வியே இல்லை. எத்தனை நாளாக என்பதுதான் முதல். இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி நேரம் மனசு கீழேயே கிடக்கிறதா, இல்லை பிடித்த விஷயங்கள் பிடிக்காமல் போய்விட்டனவா என்று பார்ப்பார்கள். அதோடு தூக்கம், பசி, அசதி, ஒரு விஷயத்தில் கவனம் நிற்பது, உடம்பு மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, நான் எதற்கும் லாயக்கில்லை என்கிற எண்ணம், செத்துப்போகலாம் என்கிற எண்ணம். இதையெல்லாம் ஒன்பது கேள்வியாக்கி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரைக்கும் மார்க் போடுகிற படிவம் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது, பிஎச்க்யூ-9 என்பார்கள், தமிழிலும் உண்டு. மொத்தம் 27. பத்து அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. அதை வைத்து நாமே நோய்க்குப் பேர் வைத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும். எனக்கு 13 வந்தது. ஒன்பது கேள்வியில் ஒன்றுகூட ‘ஏன்’ என்று கேட்கவில்லை என்பதைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் அந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் பதிலே கிடையாது.

‘ஏன்’ என்பதை நானே எனக்குள் கேட்டுக்கொண்டிருந்ததற்கும் ஒரு விலை இருந்திருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர், மாணவர்களிடம் மனசு சரியில்லாதபோது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கி வைத்திருந்தார். தற்செயலாக அடுத்த சில நாளில், 1989 அக்டோபரில், அங்கே லோமா பிரீட்டா நிலநடுக்கம் வந்தது. அப்புறம் அதே மாணவர்களை மறுபடி விசாரித்தபோது, ‘எனக்கு ஏன் இப்படி, நான் ஏன் இப்படி’ என்று உள்ளுக்குள்ளேயே உழல்கிற பழக்கம் முன்பே இருந்தவர்களுக்கு ஏழு வாரம் கழித்தும் சோர்வு கூடுதலாக இருந்தது. 1991-இல் அதை வெளியிட்டார்கள். நம்மிடம் இதற்கு அசைபோடுவது என்று ஒரு சொல் இருக்கிறது. மாடு அசைபோட்டால் பாலாவது வரும். நான் மூன்று வாரம் அசைபோட்டதில் மனைவியோடு பேச்சுவார்த்தை நின்றதுதான் மிச்சம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எல்லாச் சோகத்தையும் ரத்தப் பரிசோதனையில் அடைக்கிறேன் என்று ஆகிவிடும். காரணம் இல்லை என்பது வேறு, காரணத்தைச் சொல்ல இடமில்லை என்பது வேறு. நம் மாவட்டங்களில் இரண்டாவது நிறைய. பெண் சிசுக்களைக் காப்பாற்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் ஆரம்பித்துப் பிறகு தருமபுரிக்கும் வந்தது. அந்தத் தொட்டிலில் குழந்தையைப் போட்டுவிட்டு வந்தவர்களும், தொட்டில் வருவதற்கு முன்னாலேயே இழந்தவர்களும் இன்று பாட்டிகளாக நம் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ‘ஒண்ணுமில்ல கண்ணு, என்னமோ மாதிரி இருக்கு’ என்று சொன்னால் அந்த ஒண்ணுமில்லைக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பதினாறு வயசில் கழுத்தை நீட்டியவர்கள். பெங்களூர் கட்டட வேலைக்குப் போன மகனும் மருமகளும் விட்டுவிட்டுப் போன பேரப்பிள்ளைகளை எழுபது வயசில் வளர்க்கிறவர்கள். இவர்களிடம் போய் ‘என்னாச்சு, சொல்லு’ என்று கொக்கி போட்டு இழுத்தால் வராது. கூடவே உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தால் என்றைக்காவது ஒரு நாள் வரும், வராமலும் போகும். வராவிட்டாலும் அவர்களுக்கு வைத்தியம் பார்க்கலாம் என்பதுதான் இதில் முக்கியமான சங்கதி.

ஆமாம், காரணம் தெரியாமலேயே வைத்தியம் உண்டு. மனச்சோர்வு என்றால் மூளையில் செரட்டோனின் குறைவது என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் போதுமான சான்று இல்லை என்று 2022-இல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொன்னது, பெரிய விவாதமே நடந்தது. ஆனால் 2018-இல் 522 மருந்துச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், எடுத்துக்கொண்ட 21 மாத்திரைகளும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன. வித்தியாசம் மலையளவு இல்லை, இருந்தது. எப்படி வேலை செய்கிறது என்பதில் சண்டை ஓயவில்லை, மாத்திரை அதன்பாட்டுக்கு வேலை செய்கிறது.

மாத்திரை ஆரம்பித்தால் முதல் வாரம் வயிறு ஒரு மாதிரி பண்ணும், மனசில் பலன் தெரிய இரண்டு மூன்று வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இந்த இடைவெளியில்தான் நம் ஆட்கள் ‘ஒண்ணும் கேக்கல’ என்று தூக்கிப் போடுவார்கள். இல்லாவிட்டால் நன்றான மறுவாரமே நிறுத்துவார்கள். தெளிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், நிறுத்துவதையும் டாக்டர் சொல்கிறபடி மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். தூக்க மாத்திரை மாதிரி இது அடிமைப்படுத்துகிற ரகம் இல்லை. முன்னால் எப்போதாவது இதற்கு நேர்மாறாக, நாள்கணக்கில் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் பணத்தை வாரி இறைத்துக்கொண்டு இருந்தது உண்டென்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அதற்கு மருந்தே வேறு.

எங்கே போவது? பெங்களூரில் இருக்கிற பெரிய மனநல ஆஸ்பத்திரியான நிமான்ஸ் நமக்குப் பக்கம், அதுவும் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. அந்த வாசலில் இறங்க வெட்கப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஆனால் இதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008-லிருந்து இருக்கிறது, கிருஷ்ணகிரியில் 2022-இல் திறந்தார்கள், இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் போடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் சேவை அது, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பேரில் நடக்கிறது. நிமான்ஸ் 2015-16-இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் வாழ்க்கையில் ஒரு முறையாவது மனச்சோர்வு வந்தவர்கள் சுமார் இருபதில் ஒருவர் என்று வந்தது, அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வைத்தியமே பார்க்கவில்லை. ஒரு டவுன் பஸ்ஸில் அறுபது பேர் நெருக்கியடித்து நின்றால் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போன மனநலப் பிரிவில் எனக்கு மாத்திரை எழுதவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் அங்கே இருந்த ஆலோசகர் அம்மா ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். தினமும் இரண்டே காரியம் எழுத வேண்டும். செய்தே ஆக வேண்டியது ஒன்று, முன்னால் பிடித்திருந்தது ஒன்று. மனசு வந்தால் செய்வது என்று இல்லை, மணி அடித்தால் செய்வது. “மனசு வரட்டும்னு காத்திருக்காதீங்க தம்பி, நீங்க போங்க, அது பின்னாடி வரும்” என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இது அவர் சொந்தமாகச் சொன்னது இல்லையாம். 1970-களிலிருந்தே உளவியலில் இருக்கிற முறை. கோவாவில் சங்கத் என்ற அமைப்பு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் செய்து பார்த்தது, மருத்துவமோ உளவியலோ படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒருவரை ஆறிலிருந்து எட்டு முறை சந்திக்கிற அளவில். வழக்கமான வைத்தியம் மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களுக்கு நன்றாகத் தெளிந்தது என்று 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

என் நோட்டில் முதல் வாரம் முழுக்க ‘ஷேவ் பண்ணணும்’, ‘டீக்கடை வரைக்கும் நடக்கணும்’ என்றுதான் இருக்கும். படித்தால் சிரிப்பு வரும். இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா தோப்பு. அறுப்பு முடிந்ததால் கவாத்து நடந்துகொண்டிருந்தது. காய்ந்த கிளையையும் உள்பக்கம் பின்னிக்கொண்டு கிடக்கிற குச்சிகளையும் கழிக்க வேண்டும், வெட்டின இடத்தில் போர்டோ பசை தடவ வேண்டும். பசை தடவுகிற வேலை எனக்கு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்த நீல நிறம் நகத்துக்குள் போனால் இரண்டு நாளைக்குப் போகாது. மாம்பால் கையில் பட்டு அரிக்க ஆரம்பித்தது. “கையில துணிய சுத்துடா, ஆபீஸ்காரா” என்று சித்தப்பா கத்தினார். சந்தோஷமாக இருந்தேனா என்றால் இல்லை. மத்தியானம் பசித்தது. வாளியில் கொண்டுவந்த களியை இன்னொரு உருண்டை கேட்டு வாங்கினேன், அது மட்டும்தான் அன்றைக்கு நடந்த விசேஷம். நோட்டில் ‘பசி’ என்று எழுதி வைத்தேன். முழுசாகத் தெளிய கார்த்திகை ஆகிவிட்டது.

அம்மா இதற்கிடையில் பி.அக்ரகாரம் முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டு எல்லோரையும் கூட்டிப் போனார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேனில் பத்துப் பேர், பொங்கல் வைத்து, ஆடு வெட்டி, மர நிழலில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே ஒரு தூக்கம். ஆலோசகர் அம்மா நோட்டில் எழுதச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். சாமி கும்பிடுவதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை, தகராறு குறி சொல்கிறவரோடுதான். சாமி யார் பேரையும் சொல்லவில்லை, அவர்தான் சொல்கிறார். பேர் சொல்லிவிட்டால் அந்தப் பேர்காரி கதி என்ன ஆகும் என்று பெரியம்மா வீட்டில் பார்த்தாயிற்று.

வீட்டில் இருக்கிறவர்கள் ‘உனக்கென்ன குறைச்சல்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். குறைச்சல் இல்லை என்பது அவனுக்கே தெரியும், அதனால்தான் வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறான். எத்தனை நாளா, தூக்கம் வருதா, சாப்பாடு இறங்குதா என்று கேளுங்கள், இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியும். செத்துப்போகலாம்னு தோணுதா என்பதையும் நேராகவே கேட்கலாம், கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தோணுது என்றால் திட்டாமல், சத்தியம் வாங்காமல், ஆளைத் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், 14416-ஐ அப்போதே அழைக்கலாம். வயலுக்கு வாங்கின பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அதை அப்புறப்படுத்துங்கள், இல்லாவிட்டால் பூட்டி வேறொருவர் கையில் சாவியைக் கொடுங்கள். அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கிற நேரம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான், அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பது ஒரு உயிரைக் காப்பாற்றும்.

போன மாதம் பேக்டரியில் எங்கள் எடை மேடைப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, லோடு சீட்டில் இரண்டு தடவை நம்பரை மாற்றி எழுதிவிட்டான். கூப்பிட்டு உட்கார வைத்தேன். “என்னமோ ஒரு மாதிரியா இருக்குண்ணா” என்றான். நாக்கு நுனி வரைக்கும் அம்மாவின் மூன்றாவது கேள்வி வந்துவிட்டது, விழுங்கிவிட்டேன்.

“எத்தனை நாளா?”

விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தி, “பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப நல்லாத்தான்ணா இருந்தேன்” என்றான். மறுபடி முதலிலிருந்து எண்ணினான். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.